ஹைப்ரிட்டா, முழு மின்சாரமா: சியாட்டில் பேருந்துகள் காட்டும் கணக்கு

நகரப் பேருந்துகளில் டீசல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் நல்லதா, பேட்டரியில் மட்டும் ஓடும் மின்பேருந்து நல்லதா என்ற வாதம், பெரும்பாலும் இரண்டு நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு இடையிலான வாதமாகவே முடிந்துவிடுகிறது. ஒரே நிர்வாகம், ஒரே தட்பவெப்பம், ஒரே மாதிரியான சாலைகள் என்ற நிலையில் இரண்டு வகைகளையும் ஓட்டி, அதை வெளியிலிருந்து ஒருவர் கணக்கெடுத்த இடங்கள் அதிகமில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் இணைக்கும் கிங் கவுண்டி மெட்ரோ என்ற பேருந்து நிர்வாகம் அத்தகைய இடங்களுள் ஒன்று. பெல்வியூ, ரெட்மண்ட் பகுதிகளில் குடியேறிய தமிழர் பலரும் ஏறி இறங்கும் வண்டிகள்தாம் இவை என்பதால், இந்த அலசலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஹைப்ரிட் அந்த ஊருக்கு வந்தது சுற்றுச்சூழல் அக்கறையால் மட்டுமன்று, ஒரு சுரங்கப்பாதையால். சியாட்டில் நகர மையத்தின் அடியில் 1990-இல் பேருந்துகளுக்கென்றே ஒரு சுரங்கம் திறக்கப்பட்டது. டீசல் புகை உள்ளே தேங்கக்கூடாது என்பதற்காக, வெளியில் டீசலிலும் உள்ளே மேல்கம்பி மின்சாரத்திலும் ஓடும் இத்தாலியத் தயாரிப்பான பிரேடா வண்டிகளை வாங்கினார்கள். இரண்டு தனித்தனி இயக்க முறைகளை ஒரே உடலில் சுமந்த அந்த வண்டிகள் கனமாகவும், பராமரிக்கச் செலவு பிடிப்பவையாகவும் இருந்தன. அவற்றுக்கு மாற்றாக 2004-இல் வந்தவையே நடுவில் துருத்தி வைத்த 60 அடி நியூ ஃப்ளையர் ஹைப்ரிட் பேருந்துகள். இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகளை ஒரே நேரத்தில் வாங்கியது அக்காலத்தில் துணிச்சலான முடிவு. சுரங்கத்துக்குள் நுழையும்போது என்ஜினின் வேகத்தை அடக்கி, கூரைமேல் இருந்த பேட்டரியின் துணையோடு மெல்ல ஊர்ந்து செல்லும் ஒரு தனி முறையும் அவற்றில் இருந்தது.

இந்த வண்டிகளைத்தான் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் ஓராண்டு கண்காணித்து, 2006-இல் அறிக்கை தந்தது. பத்து ஹைப்ரிட், பத்து டீசல். இரண்டும் ஒரே நிறுவனத்தின் உடல், இரண்டிலும் ஒரே கேட்டர்பில்லர் என்ஜின். ஆகவே வேறுபாடு ஹைப்ரிட் அமைப்பால் வந்ததா, வேறெதனாலாவது வந்ததா என்ற குழப்பம் குறைவு. வண்டிகள் வெவ்வேறு டிப்போக்களிலிருந்து வெவ்வேறு தடங்களில் ஓடின என்பது மட்டுமே குறை. மைலேஜில் ஹைப்ரிட் 27 விழுக்காடு மேலாக இருந்தது. டீசல் வண்டி லிட்டருக்கு ஏறக்குறைய 1.06 கி.மீ. தந்த இடத்தில் ஹைப்ரிட் 1.35 கி.மீ. தந்தது. பராமரிப்புச் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. நடுவழியில் பழுதாகி நிற்காமல் ஓடியதில் டீசல் வண்டிகளே சற்று மேலாக இருந்தன. விளம்பரம் சொன்ன அளவுக்கு மைலேஜ் உயரவில்லை என்று அன்று குறைபட்டவர்கள் உண்டு. ஆனால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்பும் இவ்வளவு பெரிய வண்டியில், எரிபொருள் செலவில் ஐந்தில் ஒரு பங்கு குறைவது சிறிய செய்தியன்று.

அந்த 27 விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால்தான் ஹைப்ரிட்டின் பலமும் பலவீனமும் விளங்கும். சாதாரண டீசல் வண்டி பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், திரட்டிய வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகக் கரைந்துபோகிறது. ஹைப்ரிட்டில் அதன் ஒரு பகுதியை மோட்டார் மின்சாரமாகத் திருப்பி எடுத்துப் பேட்டரியில் சேர்க்கிறது. அடுத்த முறை கிளம்பும்போது அதே மின்சாரம் வண்டியைத் தள்ளிவிடுகிறது. ஆகவே நின்று நின்று போகும் தடத்தில் இலாபம் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டியில் திருப்பி எடுக்க ஒன்றுமில்லை; அங்கே பேட்டரியும் மோட்டாரும் வெறும் சுமையாகக் கூடவே பயணம் செய்கின்றன.

நியூயார்க்கில் இது கசப்பான பாடமாகவே வந்தது. அங்கே ஓரியன் 7 வகை ஹைப்ரிட் வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றியது முழுக்க மின்மோட்டார்தான். சிறிய டீசல் என்ஜின் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டியது. மன்ஹாட்டனின் நெரிசலில் இந்த ஏற்பாடு நன்றாகவே எரிபொருளை மிச்சப்படுத்தியது. ஆனால் ஆண்டுகள் ஏற ஏற மோட்டார்கள் பழுதாகத் தொடங்கின. உத்தரவாதக் காலமும் முடிந்தது. வேகமாக ஓடும் தடங்களில் மிச்சப்படும் டீசல், மோட்டார் மாற்றும் செலவுக்கு ஈடாகவில்லை. ஏறத்தாழ 390 ஹைப்ரிட் வண்டிகளைச் சாதாரண டீசல் வண்டிகளாக மாற்ற நிர்வாகம் திட்டமிட்டிருப்பதாக 2013-இல் செய்தி வந்தது. வாங்கியபோது முன்னோடி என்று பாராட்டப்பட்ட வண்டிகளின் வயிற்றைத் திறந்து பழைய வகை என்ஜினைப் பொருத்துவது எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும் பெருமை தரும் காரியமன்று. இருந்தாலும், தவறு தொழில்நுட்பத்தில் மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வண்டிக்குப் பொருந்தாத தடத்தில் அதை ஓட்டியதிலும் இருந்தது.

இனி மின்பேருந்து. 2016-இல் கிங் கவுண்டி மெட்ரோ, புரோட்டெரா என்ற நிறுவனம் செய்த மூன்று மின்பேருந்துகளைப் பெல்வியூவின் ஈஸ்ட்கேட் பகுதியிலிருந்து ஓட்டத் தொடங்கியது. பேட்டரி சிறியது, ஒருமுறை ஏற்றினால் சுமார் 37 கி.மீ. ஓடும். ஆனால் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். வண்டி சார்ஜரின் அடியில் மெதுவாக வந்து நிற்க, மேலே நீண்டிருக்கும் கையிலிருந்து ஒரு தலைப்பகுதி இறங்கிக் கூரையில் அமரும். என்ஜின் ஓசை இல்லாததால் விசிறியின் இரைச்சலும், யாரோ ஒருவரின் ஹெட்ஃபோனில் கசியும் பாட்டும்கூடத் தெளிவாகக் கேட்கும். ஓட்டுநர் இறங்கிக் கைகால்களை நீட்டிக்கொள்ள அந்தப் பத்து நிமிடம் போதுமானது.

இதே ஆய்வகம் இந்த மூன்றையும் ஹைப்ரிட், டீசல், மேல்கம்பி வண்டிகளோடு ஒப்பிட்டு 2018-இல் அறிக்கை வெளியிட்டது. செயல்திறனில் போட்டியே இல்லை. மின்பேருந்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.47 யூனிட் எடுத்தது. ஆற்றலை டீசலாகக் கணக்கிட்டால் அது லிட்டருக்கு 6.7 கி.மீ.க்குச் சமம். அதே 40 அடி நீள ஹைப்ரிட் தந்தது 2.7 கி.மீ. மட்டுமே. அதாவது ஹைப்ரிட்டைப்போல் இரண்டரை மடங்கு. மின் நிலையத்தில் வீணாகும் ஆற்றல் இந்தக் கணக்கில் சேராது என்பது உண்மைதான். ஆனாலும் மோட்டாரின் இயல்பான மேன்மையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நம்பகத்தன்மையில் கதை திரும்பிவிட்டது. காலையில் டிப்போவிலிருந்து கிளம்பத் தயாராக நின்ற நாட்களின் விகிதம் மின்பேருந்துகளுக்கு எண்பது விழுக்காட்டைச் சுற்றியே இருந்தது. பேருந்து நிர்வாகங்கள் பொதுவாக எதிர்பார்க்கும் அளவு 85. ஹைப்ரிட் வண்டிகள் அதைவிட மேலாகவே நடந்துகொண்டன. மூன்று வண்டிகளில் ஒன்று சில வாரம் படுத்துவிட்டாலே விகிதம் சரிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. செலவிலும் ஒரு சிக்கல் இருந்தது. பத்து நிமிடத்தில் நிரப்பும் சார்ஜர் ஒரே மூச்சில் பெரும் மின்சாரத்தை இழுக்கிறது. மின் நிறுவனங்கள் மாதத்தின் அந்த உச்ச இழுப்புக்கு என்று தனிக் கட்டணம் போடுகின்றன. மூன்றே வண்டிகள் அந்தக் கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டால், யூனிட் விலை ஏறி, மோட்டாரின் சிக்கனம் கைக்கு வராமலே போய்விடும்.

ஆனால் “மின்பேருந்து அடிக்கடி நிற்கிறது” என்ற வாக்கியத்தைக் கேட்டவுடன் மோட்டாரையும் பேட்டரியையும் குற்றம் சாட்டுவது அவசரம். நடுவழி நிறுத்தக் கணக்கில் கதவு மூடாததும், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இறங்காததும், ஏ.சி. பழுதானதும் எல்லாமே சேரும். வேறொரு நகரில் நான் ஏறிய மின்பேருந்து ஒன்று, பேட்டரியில் முக்கால் பங்கு இருப்பு காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிறுத்தத்தில் அசையாமல் நின்றுவிட்டது. பின்கதவு மூடியிருந்தது, ஆனால் மூடிவிட்டது என்ற செய்தி சென்சாரிலிருந்து போகவில்லை, அதனால் வண்டி கிளம்ப மறுத்தது. ஓட்டுநர் கதவை மூன்று முறை கையால் அறைந்து பார்த்தார், பிறகு மொத்த மின்சாரத்தையும் அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் போட்டார். பின்னிருக்கைப் பெரியவர் ஒருவர், “கம்ப்யூட்டர் மாதிரியே ஆகிவிட்டது” என்று சொல்லிச் சிரித்தார். வண்டி கிளம்பிவிட்டது. அன்றைய பதிவேட்டில் அதுவும் ஒரு மின்பேருந்துப் பழுதாகத்தான் ஏறியிருக்கும்.

மோட்டார் குற்றவாளி அல்ல என்பதற்குச் சியாட்டிலிலேயே சான்று இருக்கிறது. மேல்கம்பியில் ஓடும் டிராலி பேருந்துகள் அந்த ஊரில் 1940 முதல் ஓடுகின்றன. குயின் ஆன் மேட்டின் செங்குத்தான ஏற்றத்தில், முழு ஆளேற்றத்தோடு, டீசல் வண்டி முனகும் இடத்தில் அவை ஓசையின்றி ஏறுகின்றன. 2015 முதல் வந்த 174 புதிய டிராலி வண்டிகளில் கம்பியை விட்டுச் சிறிது தூரம் விலகி ஓடவும் பேட்டரி உண்டு. மின்சாரத்தில் சக்கரம் சுழற்றுவது எண்பது ஆண்டுகளாகப் பழகிய வேலை. புதிதாக வந்திருப்பது அந்த மின்சாரத்தைச் சுமந்துகொண்டு திரியும் வேலையும், அதை நேரத்துக்கு நிரப்பும் வேலையும்தான். பழுதுகளில் பெரும்பகுதி அந்தப் புதுமையைச் சுற்றியே வருகிறது.

இன்னொரு அபாயம் வண்டிக்கு வெளியே இருக்கிறது. பிலடெல்பியா நகரம் தன் 25 புரோட்டெரா பேருந்துகளையும் 2020 பிப்ரவரியில் தடத்திலிருந்து விலக்கியது; காரணம் பேட்டரி அல்ல, உடற்கட்டில் கண்ட விரிசல். எடையைக் குறைக்க உலோகத்துக்குப் பதிலாகக் கலவைப் பொருளால் செய்த உடல் அது. 2023 ஆகஸ்டில் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்பு கோரியது. பேருந்து ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாவது ஓட வேண்டும். அதைச் செய்தவர் ஏழாம் ஆண்டில் கடையை மூடினால் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? ஹைப்ரிட்டில் இந்த அபாயம் குறைவு: என்ஜினும் கியர் அமைப்பும் பெரிய, பழைய நிறுவனங்களிடமிருந்து வருகின்றன, மின்பகுதி படுத்தாலும், சில வகைகளில், வண்டி என்ஜினின் துணையோடு டிப்போ வந்து சேர்ந்துவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் கணிப்பில், வண்டியை வைத்து இதைத் தீர்மானிப்பதே பிழை. ஒரு வண்டி காலையில் கிளம்பி இரவில் திரும்பும்வரை ஓடும் மொத்தத் தூரத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஒருமுறை ஏற்றி சுமார் 225 கி.மீ. ஓடும் வண்டி கிடைத்தால், தன் அன்றாட ஓட்டங்களில் 70 விழுக்காட்டை அதனால் முடிக்க முடியும் என்று கிங் கவுண்டி மெட்ரோவே 2017-இல் கணக்கிட்டது. அந்த எழுபதுக்கு, இரவில் டிப்போவில் மெதுவாக ஏற்றும் பெரிய பேட்டரி வண்டியே பொருத்தம். உச்ச இழுப்புக் கட்டணமும் அதில் கட்டுக்குள் இருக்கும். மீதி முப்பதில், நெடுந்தூரம் வேகமாக ஓடும் விரைவுத் தடங்களுக்கு ஹைப்ரிட் கூடப் பெரிய இலாபம் தராது. நல்ல டீசல் வண்டியே சில ஆண்டுகள் ஓடிவிட்டுப் போகட்டும். நாள் முழுவதும் நெரிசலில் நின்று நின்று 300 கி.மீ. ஓடும் வண்டிகளுக்கு மட்டும் ஹைப்ரிட் இன்னும் நியாயமான தேர்வு. அந்த இடம் பேட்டரி வளர வளரச் சுருங்கிக்கொண்டே வருகிறது.

சென்னையில் 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது, நம்பகத்தன்மைச் சுமையின் ஒரு பகுதி வேறொருவர் தோளுக்கு மாறியது. வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்தினுடையவை. ஓடிய கிலோமீட்டருக்குத்தான் பணம். நின்ற வண்டிக்குப் பணமில்லை என்ற ஏற்பாட்டில், கதவு சென்சாரைச் சரிசெய்யும் அவசரம் கழகத்தின் மெக்கானிக்கைவிட ஒப்பந்தக்காரருக்கே அதிகம். ஆனால் மாநகரத்தின் ஏப்ரல், மே வெயிலில் ஏ.சி. இழுக்கும் மின்சாரத்தையும், அண்ணா சாலை நெரிசலில் கழியும் நேரத்தையும் சேர்த்து, ஒரு வண்டிக்கு எத்தனை நடை ஒதுக்குவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் இன்னும் டிப்போவில் அட்டவணை போடுபவர்கள்தாம்.