தியத்தலாவையின் சனிக்கிழமைப் பாத்திகள்: ஆறு மாத அனுபவம்

இலங்கை மலையகத்தின் தியத்தலாவைக்கு அருகே தன்னார்வலர்கள் சிலர், ஓய்வுபெற்ற படையினருக்காகச் சனிக்கிழமை தோறும் மரக்கறிப் பயிர்ச்செய்கையும் விளையாட்டும் சேர்ந்த ஒன்றுகூடலை நடத்துகிறார்கள். அதற்கு என் சித்தப்பாவை அப்புத்தளையிலிருந்து ஆறு மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறேன். எங்கள் தோட்டத்து லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) இராணுவத்தில் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. சாரதியாகச் சேர்ந்த சித்தப்பா, மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து திரும்பினார். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவர் வாசலைத் தாண்டிப் பழக அதன் பின்னும் பல ஆண்டுகள் பிடித்தன. படையினரின் நலனுக்காக 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான ரணவிரு சேவா அதிகார சபை என்றொன்று இருப்பதும், ஓய்வூதியம் மாதந்தோறும் வருவதும் ஆறுதல்தான். ஆனால், தோட்டத்தில் 'ஆமிக்காரர்' என்றும் டவுனில் 'தெமள' (சிங்களத்தில் தமிழர்) என்றும் பார்க்கப்பட்டவருக்கு, உட்கார்ந்து பேச ஓர் இடம் இருக்கவில்லை.

இங்கே என்னை முதலில் கவர்ந்தவை பாத்திகள். செயற்கைக் கால் அணிந்தவரால் குந்தியிருந்து மண்ணைக் கிளற முடியாது என்பதை உணர்ந்து, இடுப்பளவு உயரத்தில் பலகையடித்து மண் நிரப்பியிருக்கிறார்கள். லீக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் புத்திசாலித்தனம். தண்டு வெளுக்க வேண்டுமானால் அது வளர வளர அடியில் மண் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நான்கு வாரம் வராதவரைப் பச்சைத் தண்டு காட்டிக்கொடுத்துவிடும். நெல்லைத் தவிர வேறெதையும் நட்டறியாத, அநுராதபுரப் பக்கத்து முன்னாள் கோப்ரல் ஒருவர், மண் அணைக்கும் பக்குவத்தைச் சித்தப்பாவிடம் 'அய்யா, அய்யா' என்று கேட்டுக் கேட்டுச் செய்கிறார். நம் காதுக்கு மரியாதையாக விழும் அந்தச் சொல்லுக்குச் சிங்களத்தில் அண்ணன் என்று பொருள். சித்தப்பா இரண்டு அர்த்தத்திலும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். யுத்தத்தைப் பற்றி அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

பத்து மணிக்கு இஞ்சி போட்ட பிளேன்டீயும் தேங்காய் ரொட்டியும் கிடைக்கும். கட்டச் சம்பல் காரம் கூடுதல். பிறகு, 1991 முதல் நாட்டின் தேசிய விளையாட்டாக உள்ள கரப்பந்தை, உட்கார்ந்து ஆடும் வடிவத்தில் ஆடுகிறார்கள். வலை 1.15 மீற்றர் உயரந்தான். பந்தை அடிக்கும்போது இடுப்பு தரையை விட்டு எழக் கூடாது என்பதால், கால் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே விதி. இந்தக் குளிரில் வெறும் சீமெந்துத் தரையில் மெல்லிய பாயை மட்டும் விரித்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

குறைகளும் உண்டு. வீதியிலிருந்து மண்டபத்துக்கு இறங்கும் 28 படிகளுக்குக் கைப்பிடி இல்லை. செயற்கைக் காலோடு ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை, மழை நாளில் சித்தப்பாவின் பிடி என் தோளில் இறுகுவதை வைத்தே அறிந்துகொண்டேன். நாள் போகப் போகக் குறைக்கால் சற்றுச் சுருங்கிச் செயற்கைக் கால் தளர்வதால், இன்னோர் உறையைப் போட்டுக்கொள்ளத் திரைக்குப் பின்னால் வாங்கு போட்டு வைத்திருக்கும் அளவுக்குக் கரிசனம் உள்ளவர்கள், இந்தப் படிகளை எப்படி மறந்தார்கள் என்பது விளங்கவில்லை. படிவங்களும் அறிவித்தல்களும் சிங்களத்தில் மட்டுமே உள்ளன. உளவளத்துணையாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, எல்லோரும் பார்க்கும் அறையொன்றில் மேசை போட்டு அமர்கிறார். யார் பார்ப்பார்களோ என்று ஒருவரும் உள்ளே போவதில்லை. அவரும் ஒரு மண்வெட்டியோடு பாத்திக்கு வந்தால் வேலை நடக்கும் என்பது என் எண்ணம்.

கட்டணம் இல்லை, விதைக்கு மட்டும் சிறு தொகை. பதுளைப் பாதையில் ரயில் வசதி உண்டென்றாலும், நிலையத்திலிருந்து முச்சக்கர வண்டி தேவைப்படும். கைப்பிடி பற்றி எழுத்தில் கேட்டிருக்கிறேன். அது வரும் வரை, துணைக்கு ஆள் இல்லாமல் மழை நாளில் போக வேண்டாம். அடுத்த பருவத்துக்கு உருளைக்கிழங்கா போஞ்சியா என்ற வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. சித்தப்பா போஞ்சிப் பக்கம்.