ப்ளட் பவுல்: இரண்டரை வருடம் ஆடிய பிறகு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வேலூர் சத்துவாச்சாரி வீட்டு மாடி அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆடும் ப்ளட் பவுல் பலகை ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம். முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "2வது டர்ன், முதல் ஆள், ஒரே பகடையில் அடித்தேன், நானே விழுந்தேன். 3வது டர்ன், முதல் ஆள், அதேதான். 4வது டர்ன், பந்தை எடுக்கப் போனேன், 2 விழுந்தது." கீழே 0-3. ப்ளட் பவுலைப் பற்றி யாராவது கேட்டு வந்தால் முதலில் இந்த நோட்டைத்தான் காட்டுகிறேன், பெட்டி அப்புறம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1986இல் வெளியிட்ட பலகை ஆட்டம் இது. வடிவமைத்தவர் ஜெர்விஸ் ஜான்சன். அமெரிக்கக் கால்பந்தை எடுத்து, அதை மனிதர்களும், மாயக்கதை இனங்களான ஆர்க்குகளும் எல்ஃப்களும் எலி மனிதர்களும் ஆடினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்திருக்கிறார். நீளத்தில் 26 கட்டம், அகலத்தில் 15 கட்டம் உள்ள மைதானம். பக்கத்துக்கு 11 பேர். ஒரு பாதிக்கு எட்டு டர்ன் (ஆடும் முறை) வீதம் இரண்டு பாதி. பந்தோடு எதிராளியின் கடைசி வரிசைக்குள் போய்விட்டால் டச் டவுன், ஒரு புள்ளி.

உங்கள் டர்னில் பதினொரு பேரையும் ஒருவர் பின் ஒருவராக நகர்த்தலாம். ஆனால் நடுவில் உங்கள் ஆள் ஒருவன் விழுந்தாலோ, பந்தை எடுக்கத் தவறினாலோ அந்த டர்ன் அங்கேயே முடிந்துவிடும். மீதி ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இதற்குப் பெயர் டர்ன்ஓவர். ஆட்டத்தின் உயிரே இந்த ஒரு விதிதான் என்பது எனக்குப் புரிய ஐந்து மாதம் ஆனது.

பெட்டியைக் கொண்டுவந்தவர் மாமா, என் அக்கா வீட்டுக்காரர். வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பியபோது சூட்கேஸில் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். 2020 பதிப்பு. அதில் இரண்டு அணிகள்: பிரபுக்களின் அணியான இம்பீரியல் நோபிலிட்டி, இன்னொன்று பிளாக் ஆர்க். மாமா பிரபுக்களை எடுத்துக்கொண்டார், எனக்கு ஆர்க். பொம்மைகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிர் சீவி, சேர்த்து நிறுத்தவே இரண்டு ஞாயிறு போனது. அப்புறம் அக்கா மகளும், ராணிப்பேட்டையில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரும் சேர்ந்துகொள்ள, நான்கு பேராகிவிட்டோம்.

முதல் பதினான்கு ஆட்டத்தில் ஒன்று சமன், மீதி எல்லாம் தோல்வி. பகடை எனக்கு எதிராக இருக்கிறது என்றே நம்பினேன். அதை நிரூபிக்கத்தான் நோட்டு போட ஆரம்பித்தேன். பத்து ஆட்டம் எழுதிவிட்டு ஒரு நாள் மொத்தமாக உட்கார்ந்து படித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. என் டர்ன்களில் பாதிக்கு மேல் முதல் ஆளிலோ இரண்டாவது ஆளிலோ முடிந்திருந்தன. மாமாவுக்கும் அதே மாதிரி மோசமான பகடை விழுந்திருந்தது, ஆனால் அவருக்கு எட்டாவது, ஒன்பதாவது ஆளில் விழுந்திருந்தது. அதற்குள் அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்திருப்பார்.

"மாப்ள, நீ உருட்டிட்டு அப்புறம் யோசிக்கிற. நான் நகர்த்த வேண்டியதை எல்லாம் நகர்த்திட்டுத்தான் பகடையவே தொடுவேன்," என்றார். என் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டது இந்த ஒரு வாக்கியம்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு டர்னிலும் ஒரே வரிசை. பகடை தேவைப்படாத நகர்வுகள் முதலில்: விழுந்து கிடப்பவர்களை எழுப்புவது, சும்மா நிற்பவர்களைத் தேவையான இடத்துக்குக் கொண்டுபோவது. அடுத்து ஆபத்துக் குறைந்த அடிகள். கடைசியில்தான், அதுவும் நிஜமாகவே தேவைப்பட்டால்தான், எதிராளியை ஒட்டிய கட்டத்திலிருந்து தப்பி ஓடுவது, பந்து எறிவது எல்லாம். சில டர்னில் பந்தைக் காப்பாற்றுவதே முதல் வேலையாக இருக்கும், அப்போது வரிசை மாறும். ஆனால் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

கணக்கும் கொஞ்சம் வேண்டும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு நிகழ்தகவு போதும். அடிக்கும் பகடையில் ஆறு முகம்: மண்டை ஓடு என்றால் அடிப்பவன் விழுவான், ஒரு முகத்தில் இருவரும் விழுவார்கள், இரண்டு முகம் தள்ளு, ஒன்று தடுமாறல், ஒன்று எதிராளி விழுவது. 'பிளாக்' (Block, இருவரும் விழும் முகம் வந்தாலும் தான் விழாமல் நிற்பது) திறமை இல்லாத ஆள் ஒரே பகடையில் அடித்தால் மூன்றில் ஒரு தடவை டர்ன்ஓவர். பக்கத்தில் ஒரு துணை ஆளை நிறுத்திப் பலத்தைக் கூட்டினால் இரண்டு பகடை கிடைக்கும், நல்லதை நாமே பொறுக்கிக்கொள்ளலாம். இப்போது ஆபத்து ஒன்பதில் ஒன்று. அடிக்கும் ஆளுக்கு 'பிளாக்' திறமையும் இருந்தால் 36இல் ஒன்று. துணை ஆளை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்துவதற்குப் பெரும்பாலும் பகடையே தேவையில்லை. ஒரு ஆளின் நகர்வை வைத்து மூன்றில் ஒன்றை ஒன்பதில் ஒன்றாக்கலாம் என்றால், அதைச் செய்யாமல் அடித்த என் முதல் ஐந்து மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

தொடர் உருட்டல்களும் அப்படித்தான். 3 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்பது கேட்க எளிதாக இருக்கும், மூன்றில் இரண்டு. தப்பி ஓடி, பந்தை எடுத்து, இன்னொருவனுக்குக் கொடு என்று அப்படி மூன்று அடுக்கினால் 27இல் 8 தான் தேறும். பத்துக்கு மூன்று. இப்போதெல்லாம் மூன்று உருட்டல் தேவைப்படும் திட்டம் மனதில் வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு வழி தேடுகிறேன்.

எங்கள் ஆயா ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் பகடையில் 1 விழுந்ததும், "தாயம் விழுந்துச்சுடா!" என்று கை தட்டினார். தாயக்கட்டையில் காய் இறங்க ஒன்று விழ வேண்டும், இங்கே ஒன்று விழுந்தால் ஆள் விழுவான் என்று சொன்னதும், "அப்ப உருட்டாம ஆடு," என்றார். மாமா சொன்னதும் ஆயா சொன்னதும் ஒன்றேதான்.

ஆயாவுக்குப் பிடித்தது ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பின்னால் காலிப் புள்ளி இருந்தால்தான் புலி தாண்டி வெட்ட முடியும், அதனால் ஆடுகள் ஒன்றுக்கொன்று முதுகு கொடுத்து நிற்கும். ப்ளட் பவுலில் கூண்டு என்று நாங்கள் சொல்லும் அமைப்பு எனக்கு அந்த வழியில்தான் பிடிபட்டது. பந்து வைத்திருப்பவன் நடுவில், அவனுக்கு நான்கு மூலையிலும் குறுக்காக ஒவ்வொரு ஆள். உள்ளே புக வருகிற எதிராளி என் ஆட்கள் இரண்டு பேரின் பிடிக்குள் (அவர்களை ஒட்டிய கட்டத்துக்குள்) கால் வைக்காமல் பந்தைத் தொட முடியாது.

பிளாக் ஆர்க்குக்கு இந்தக் கூண்டு உயிர்நாடி. ஆறு ஆர்க்குகள், பலம் 4, ஆனால் நகர்வு நான்கே கட்டம். பந்தை எடுக்கத் தோதானவன் பலம் 2 உள்ள குட்டிக் கோப்ளின். நிதானமான அணி என்று தெரிந்தும் நான் அவசரப்பட்டேன். நடுக்கோட்டிலிருந்து எதிராளியின் கடைசி வரிசைக்கு 13 கட்டம், கையில் எட்டு டர்ன். பந்தை எடுக்க ஒன்றிரண்டு டர்ன் போனாலும், டர்னுக்கு இரண்டு, மூன்று கட்டம் கூண்டை நகர்த்தினால் எட்டாவது டர்னில் கோடு வந்துவிடும். அதோடு எதிராளிக்குத் திருப்பி அடிக்க நேரமும் இருக்காது. விழுந்த ஆள் எழ மூன்று கட்டம் செலவு. நான்கு கட்டம் நகர்பவனுக்கு மிச்சம் ஒன்றுதான். அதனால் ஆர்க் விழாமல் இருப்பதே பாதி வெற்றி.

தடுப்பு ஆட்டத்தில் நான் செய்த தவறு எதிராளியை ஒட்டி நிற்பது. கபடியில் கை கோத்துச் சூழ்ந்துகொள்வோமே, அந்தப் பழக்கம். இங்கே ஒட்டி நின்றால் எதிராளியின் ஒவ்வொரு ஆளும் நின்ற இடத்திலிருந்தே அடிப்பான். ஒரு கட்டம் தள்ளி நின்றால், ஓடி வந்து அடிக்கும் பிளிட்ஸ் டர்னுக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான். பத்து அடியா ஒரு அடியா என்பது நான் நிற்கும் இடத்தில் இருக்கிறது. இன்னொன்று: ஒரு ஆள் தன் இரு பக்கமும் ஒவ்வொரு கட்டத்தைப் பிடிக்குள் வைக்கிறான். அகலம் 15. இரண்டு இரண்டு கட்டம் இடைவெளி விட்டு 2, 5, 8, 11, 14வது கட்டத்தில் ஐந்து பேரை நிறுத்தினால் மைதானத்தின் முழு அகலமும் அடைபட்டுவிடும். ராணிப்பேட்டை நண்பர் எலி மனிதர்களை ஆடுகிறார். அதில் வேகமானவன் ஒன்பது கட்டம் ஓடுவான், துணிந்தால் மேலும் இரண்டு. இரண்டே டர்னில் டச் டவுன் போட்டுக்கொண்டிருந்தவரை முதல் தடவை நிறுத்தியது இந்த ஐந்து பேர் வரிசைதான்.

போன கத்திரி வெயிலில் நடந்த ஒரு ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். கரண்ட் இல்லை, வியர்வை பலகையில் சொட்டக்கூடாதென்று தோளில் துண்டு. மாமாவோடு 1-1. இரண்டாம் பாதி, என் கடைசி டர்ன். பந்து கோப்ளின் கையில், கோட்டுக்கு ஏழு கட்டம். அவனை ஒட்டி மாமாவின் ஆள் ஒருவன். பழைய நானாக இருந்தால் கோப்ளினை முதலில் பிடித்துத் தப்பி ஓட விட்டிருப்பேன்.

அன்று அவனைத் தொடவே இல்லை. அந்த எதிராளியை ஒட்டி என் ஆர்க் ஒருவன் நின்றான். பலம் 4க்கு 3, இரண்டு பகடை. உருட்டினேன்: ஒன்று மண்டை ஓடு, ஒன்று இருவரும் விழுவது. பிளாக் ஆர்க்குக்கு 'ப்ராலர்' என்றொரு திறமை உண்டு, இருவரும் விழும் முகம் வந்தால் அந்த ஒரு பகடையைத் திரும்ப உருட்டலாம். உருட்டினேன். தள்ளு. எதிராளி அந்தப் பக்கம் போனான், கோப்ளின் விடுபட்டான். ஆறு கட்டம் பகடையே இல்லாமல் ஓடினான். ஏழாவது கட்டத்துக்கு 2 அல்லது மேல் வேண்டும். விழுந்தது 1. ஆயா சொல்லும் தாயம். ஆனால் கையில் ஒரு ரீரோல் மிச்சம் இருந்தது, அந்தப் பாதி முழுக்கத் தேவையில்லாத உருட்டல்களைத் தவிர்த்ததால் மிஞ்சியது. மறுபடி உருட்டினேன், 4. மாமா எழுந்து என் முதுகில் தட்டினார். அந்தப் பக்கத்தில் 2-1 என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், புதியவர்களுக்கு மூன்று. விதிப்புத்தகம் தடிமன், ஆங்கிலம். அக்கா மகள் பாப்பாவுக்காக நான்கு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன், இப்போது எல்லோரும் அதைத்தான் புரட்டுகிறோம். தொடர் போட்டியாக ஆடினால் 10 லட்சம் தங்கக் காசில் அணியைக் கட்டி, டச் டவுனுக்கு 3 அனுபவப் புள்ளி என்று ஆட்களை வளர்க்கலாம். அப்படி வளர்த்த ஆள் ஒரே அடியில் செத்தும் போகலாம். என் கோப்ளின் ஒருவன் போனபோது பாப்பா அன்று சாப்பிடவே இல்லை. சின்னப் பிள்ளைகளோடு ஆடினால் அந்த விதியைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். பொருளின் தரத்தில் குறை இல்லை. பலகை மடிப்பில் லேசாக வெளுத்திருக்கிறது, ஒரு கோப்ளின் கை உடைந்து ஃபெவிகுவிக்கில் நிற்கிறது, அவ்வளவுதான்.

பெட்டி வாங்கும் முன் ஆடிப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு சார்ட் பேப்பரில் 2 செ.மீ. கட்டமாக 26க்கு 15 போட்டுக்கொள்ளுங்கள், ஒரே தாளில் அடங்கும். ஒரு அணிக்குப் புளியங்கொட்டை, இன்னொன்றுக்குச் சட்டைப் பொத்தான். சாதாரணப் பகடையிலேயே அடிக்கலாம்: 1 மண்டை ஓடு, 2 இருவரும், 3, 4 தள்ளு, 5 தடுமாறல், 6 எதிராளி விழுவது. ராத்திரி தூக்கம் வராதபோது நான் தனியாகப் பழகுவது இன்னமும் அந்தத் தாளில்தான். கோடுகளை மட்டும் ஸ்கெட்ச் பேனாவில் போடாதீர்கள். வேலூர் வெயிலில் கை வியர்வை பட்டு, முதல் தாளின் நடுக்கோடு ஒரே வாரத்தில் அழிந்துவிட்டது. பால்பாயிண்ட் பேனாவில் போட்ட இரண்டாவது தாள் இன்னும் நன்றாக இருக்கிறது.