"உங்க தண்ணி சரியில்ல" என்று சொல்லும் மீன் குஞ்சு வியாபாரிகள்: எச்சரிக்கை

பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. டெல்டா பக்கம் ஒரு குட்டைக்கு கட்லா, ரோகு குஞ்சு கேட்டு முன்பணமும் கொடுத்தாயிற்று. பேசியது நாலு அங்குலக் குஞ்சு, ஆக்சிஜன் பை, காலை 7 மணிக்குள் டெலிவரி. வந்ததோ ஒன்றரை அங்குலக் குஞ்சு, திறந்த பிளாஸ்டிக் டேங்கில், உச்சி வெயிலில். நாலாம் நாள் உடம்பில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை படர்ந்து குஞ்சுகள் செத்து மிதந்தன. கேட்டதற்கு, "உங்க தண்ணி சரியில்ல சார், இந்தப் பவுடரைப் போடுங்க" என்று ஒரு ஆன்டிபயாடிக்கையும் தலையில் கட்டிவிட்டார் வியாபாரி.

அந்தப் பஞ்சு சாப்ரோலெக்னியா என்ற பூஞ்சை போன்ற உயிரி. ஆன்டிபயாடிக்குக்கு அது மசியாது. அதன் வித்து எல்லாக் குளத்திலும் உண்டு. தோல்மேல் வழவழப்புப் படலம் கெடாத மீனை அண்டாது. வலையில் உரசி, நெரிசலில் மோதி, படலமும் செதிலும் போன இடத்தில்தான் வேர்விடும். அதாவது நோய்க்கு வழிவிட்டது வியாபாரியின் வலையும் டேங்கும்.

அனுப்புவதற்கு முந்தைய நாளே தீனியை நிறுத்தி, ஓடும் தண்ணீரில் குஞ்சுகளை வைத்து வயிற்றைக் காலியாக்க வேண்டும். செய்தாரா என்று கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு குஞ்சை எடுத்து வயிற்றை மெல்ல அழுத்துங்கள். கழிவு நூலாக வந்தால் செய்யவில்லை. அந்தக் கழிவெல்லாம் வழியிலேயே அம்மோனியா ஆகிச் செவுளை அரிக்கும்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் இருக்க வேண்டும். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பிஎச் (அமிலமா, காரமா என்று காட்டும் அளவு) இறங்குவதால் அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதே அம்மோனியா விஷமாகும். பாசி பச்சையாக மண்டிய குட்டையில் மதியம் பிஎச் 9-ஐத் தொடும். அந்த நேரத்தில் விடுவது கொலைக்குச் சமம். கட்டிய பையை 15, 20 நிமிடம் குட்டையில் மிதக்கவிட்டு, திறந்தவுடன் தாமதிக்காமல் குஞ்சுகளை வடிகட்டி எடுங்கள். பைத் தண்ணீர் குட்டைக்குள் போகக் கூடாது. குஞ்சுகளைக் குட்டையில் விடும் முன், 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்து, அதில் 2 நிமிடம் முக்குங்கள். குஞ்சு சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

பவுடர் டப்பாவில் மருந்தின் பெயர் இல்லையென்றால் தொடவே வேண்டாம். குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகை ஆன்டிபயாடிக்குகள் உணவு மீனுக்கு இங்கே தடை. பாக்கிப் பணத்தை, வண்டி நிற்கும்போதே அளவு நாடாவை வைத்து இருபது குஞ்சாவது அளந்த பிறகு கொடுங்கள்.