சக்கைக்குப் பொருள் தேடினால்: கூகுளை அகராதியாகப் பயன்படுத்தலாமா?

ஆங்கிலச் சொல்லுக்குக் கூகுள் அருமையான அகராதி. சொல்லோடு 'மீனிங்' என்று சேர்த்தால் ஆக்ஸ்போர்டு விளக்கமும் உச்சரிப்பு ஒலியும் மேலேயே வந்துவிடும்.

குமரி மாவட்டப் பேச்சுக்கு அது போதாது. மார்த்தாண்டம் சந்தையில் சக்கை என்றால் பலா. பொதுத்தமிழில் சாறு பிழிந்த கோது. வெறும் 'சக்கை பொருள்' என்று தேடினால் பலா வராமலே போகலாம். 'சக்கை வட்டார வழக்கு' என்றோ 'சக்கை நாஞ்சில் நாடு' என்றோ தேடுங்கள். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மீன் பெயர்களுக்குப் படப் பகுதியைப் பார்ப்பதே விரைவான வழி.

வேற்றுமை உருபை நீக்கியே தட்டச்சு செய்யுங்கள்: 'விளையில்' அல்ல, 'விளை'. ற-ர, ல-ள-ழ மாறினால் தேடுபொறி தானாகத் திருத்தி வேறு சொல்லைக் காட்டும்; சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

மேலே வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், வட்டாரச் சொல்லில் அது துணிந்து தவறு சொல்லும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். அதில் 'லோக்' (Loc.) என்ற ஆங்கிலச் சுருக்கம் இருந்தால் வட்டார வழக்கு. 1924 முதல் 1936 வரை அச்சான அகராதி என்பதால் 'செல்பேசி' போன்ற புதுச்சொற்களுக்கு இணைய அகராதியான விக்சனரிதான் கை கொடுக்கும்.