2 கிலோவாட் ஓடை மின்சார செட்: தோட்ட லயத்துக்கு ஒத்துவருமா?

தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சுற்றும் பெல்டன் சக்கரம், ஜெனரேட்டராகச் சுற்றும் இண்டக்ஷன் மோட்டர், வோல்டேஜைச் சீராக வைக்கும் கன்ட்ரோலர், மிச்ச மின்சாரத்தை எரிக்கும் பாலாஸ்ட் ஹீட்டர். செட்டில் இவ்வளவுதான். 40 மீட்டர் இறக்கம், செக்கனுக்கு 10 லீட்டர் தண்ணீர் இருந்தால், பாதி வீணானாலும் ஏறக்குறைய 2 கிலோவாட் வரும். வீட்டுக்கு 100 வாட் வீதம் 20 வீடு. கேத்தலும் அயர்ன் பொக்ஸும் கூடாது.

சக்கரத்தின் வார்ப்பு நல்ல தரம். குறை ஹீட்டரில்தான். இரவில் லைட்டை அணைத்ததும் மிச்ச மின்சாரம் முழுவதும் அதற்குள் போகிறது. அது எரிந்துபோனால் வோல்டேஜ் எகிறி, எரிந்துகொண்டிருக்கும் பல்புகள் வரிசையாகப் போகும். ஸ்பெயார் ஒன்று கையில் இருக்கட்டும். 4 அங்குல பிவிசி குழாயை மண்ணில் புதைக்க வேண்டும், வெயில் பட்டால் நொறுங்கும். வால்வை மெதுவாக மூடுங்கள், சட்டென மூடினால் குழாய் வெடிக்கும்.

செட்டோடு வரும் வரைபடம் ஓடைத் தண்ணீர் முழுவதையும் குழாய்க்குள் விடச் சொல்கிறது. அதை நம்ப வேண்டாம். அணைக்கட்டில் ஒரு வெட்டு, குழாய் வாயைவிடத் தாழ்வாக வையுங்கள். தை, மாசி வரட்சியில் முதல் தண்ணீர் அந்த வெட்டு வழியே மீனுக்கும், கீழ்லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் போகும், மிஞ்சியதுதான் சக்கரத்துக்கு. மன்னாரில் காற்றாலைக்கும் பறவைக்கும் ஊர்ச்சனத்துக்கும் இடையே உள்ள இழுபறிதான் இங்கே சின்ன அளவில். வெட்டின் அளவைக் கீழ்லயத்தாரோடு பேசி முடித்த பிறகே சீமெந்து குழையுங்கள்.

வண்டல் தொட்டி செட்டில் கிடையாது. தனியாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்தில் தண்ணீரைப் பீய்ச்சும் நொசிலை மணல் அரித்துவிடும்.