விமானத்துக்கு முதல் பெட்டியைப் பாருங்கள்: மட்டக்களப்பில் ஒரு வீட்டு சிமுலேட்டர் அனுபவம்

வீட்டில் ஃபிளைட் சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள்) வைத்திருக்கிறவர்கள் ஆட்-ஆன் விமானம், அதாவது அதில் சேர்க்க வேறொருவர் செய்து விற்கும் விமானம், வாங்கப் போனால் முதலில் பார்ப்பது படங்களைத்தான். இறக்கையில் வெயில் விழும் அழகு, இருக்கைத் தோலின் சுருக்கம், எஞ்சின் சத்தம். நான் இப்போது முதலில் தேடுவது பேனலின் நடுவில் இருக்கிற ஜிபிஎஸ் பெட்டியை. அது எந்த மொடல், அதற்கு உயிர் கொடுத்த மென்பொருள் யாருடையது, நாளைக்கு அதைத் திருத்தப் போவது யார். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் எவ்வளவு கழிவு விலையில் வந்தாலும் வாங்குவதில்லை. பல வருடங்கள் எக்ஸ்-பிளேனிலும் மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரிலும் பறந்த பிறகு வந்த முடிவு இது.

நான் இருப்பது கல்லடிப் பக்கம். சிமுலேட்டரில் பெரும்பாலும் கிளம்புவதும் மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்துதான், குறியீடு விசிசிபி. வாவியோரத்துச் சின்ன நிலையம், ஐஎல்எஸ் (தரையிறங்க வழிகாட்டும் ரேடியோ அலை) கிடையாது. நிஜத்திலும் சினமன் எயாரின் செஸ்னா கரவன் போன்ற சிறிய விமானங்கள் வந்து போன இடம். அதனால் என் தேர்வுகள் எல்லாம் சிறிய விமானங்களைச் சுற்றியே இருக்கும். ஏர்பஸ், போயிங் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

கார்மின் நிறுவனத்தின் ஜிஎன்எஸ் 530 என்ற ஒரே ஜிபிஎஸ் பெட்டி மூன்று விமானங்களின் படத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். உள்ளே மூன்றும் வேறு. ஒன்று சிமுலேட்டரோடு வருகிற பெட்டியை அப்படியே எடுத்து வைத்திருக்கும். இன்னொன்று விமானத்தைச் செய்தவர்களே எழுதியது. மூன்றாவது, வேறொரு ஆள் தனியாக விற்கும் பெட்டியைப் பொருத்த இடம் விட்டிருக்கும். முதல் வகைதான் நீண்ட நாள் நிம்மதி. சிமுலேட்டரில் அந்தப் பெட்டி மேம்படும்போது உங்கள் விமானமும் சேர்ந்தே மேம்படும். மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டரில் வேர்க்கிங் டைட்டில் என்ற மென்பொருள் குழுவினர் ஜி1000 என்எக்ஸ்ஐ என்ற திரைப் பெட்டியைத் திருத்தி எழுதி, அதுவே பிறகு அடிப்படைப் பெட்டியாக ஆனபோது இதை நேரில் பார்த்தேன். அதுவரை பாதிப் பொத்தான்கள் வேலை செய்யாமல் கிடந்த விமானங்கள், காசு செலவில்லாமல் ஒழுங்காகப் பறக்கத் தொடங்கின.

இரண்டாவது வகை, செய்தவரின் ஆயுளோடு கட்டுண்டது. இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று வாங்கியிருந்தேன். திரையெல்லாம் அவர்களே வரைந்தது, பார்க்க அவ்வளவு வடிவு. சிமுலேட்டரின் ஒரு பெரிய அப்டேட் வந்ததும் வழித்தடப் பக்கம் வெறுமையாகிவிட்டது. நிறுவனம் பதில் போடவில்லை, அப்டேட்டும் விடவில்லை. பறக்கத்தான் முடியும், வழி காட்டாது. இதைப் போலப் பழைய எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசொஃப்டின் முந்தைய சிமுலேட்டர்) காலத்து விமானங்களைப் புதிய சிமுலேட்டருக்குக் கொண்டுவரப் பார்க்கிறவர்களும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து மீட்டர்கள் பல 32 பிட் கோப்புகள். 64 பிட் சிமுலேட்டர் அவற்றைத் திறக்கவே மாட்டாது. விமானத்தின் உருவம் வரும், மீட்டர் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருக்கும்.

புதிதாக எது வந்தாலும் நான் அதைக் கொழும்புக்கான கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓட்டிப் பார்ப்பேன். இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 110 கடல் மைல். அந்தக் கோடு நக்கிள்ஸ் மலைத்தொடரை வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே உச்சி 1,900 மீற்றருக்குச் சற்று மேல், அடியில் சொன்னால் 6,200ஐத் தாண்டும். மேற்கு நோக்கிப் பார்வை விதியில், அதாவது வெளியே பார்த்து ஓட்டிக்கொண்டு, போகிறவர்களுக்கு 8,500 அடி சரியான உயரம். ஆனால் சோதனைப் பறப்பில் நான் வேண்டுமென்றே 6,000 அடியில் மலையை நெருங்கிப் போவேன். ஜி1000 திரையில் நிலப்பரப்பு நிறத்தைப் போட்டால் மலைத்தொடரின் முதுகு சிவப்பாக எழும்பி வரும். நமது உயரத்துக்கு மேலே இருக்கிற, அல்லது 100 அடிக்குள் கீழே இருக்கிற நிலம் சிவப்பு. அதற்குக் கீழே 1,000 அடி வரைக்கும் மஞ்சள். 7,000க்கு ஏறினால் உச்சி மஞ்சளாக மாறும். 8,500இல் நிறமே இல்லாமல் போய்விடும். இந்த மாற்றம் ஒழுங்காக நடந்தால் அந்தப் பெட்டி உண்மையாகக் கணக்குப் போடுகிறது என்று நம்பலாம். சில ஆட்-ஆன்களில் நிறம் ஒரே மாதிரி உறைந்து நிற்கும். அவை வெறும் அலங்காரம்.

கட்டுநாயக்காவில் 22ஆம் ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் இருக்கிறது. கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் பக்கமாக வரிசைக்கு வருவது வசதி. அங்கேதான் இரண்டாவது சோதனை. அலைவரிசையைப் போட்டு, சிடிஐ பொத்தானை அழுத்தி, ஜிபிஎஸ்ஸிலிருந்து ஐஎல்எஸ்ஸுக்கு மாற்றுவேன். திரையில் எழுத்து மாறுவது எல்லா விமானத்திலும் நடக்கும். எதிரே இருக்கிற எச்எஸ்ஐ (திசையும் வழிக்கோடும் காட்டும் மீட்டர்) ஊசியும் மாறுகிறதா, தரையிறங்க நெருங்கும்போது அழுத்தும் அப்ரோச் பொத்தானை அழுத்தினால் ஓட்டோபைலட் அந்த ஊசியைப் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. பெட்டி ஒருவருடையதாகவும் ஓட்டோபைலட் இன்னொருவருடையதாகவும் இருக்கும் விமானங்களில் இந்த இடத்தில்தான் அறுந்து போகும். பெட்டி ஐஎல்எஸ் என்று சொல்லிக்கொண்டிருக்க, ஓட்டோபைலட் ஜிபிஎஸ் கோட்டிலேயே போய்க்கொண்டிருக்கும். எங்காவது இலவசமாக முயன்று பார்க்க வழி இருந்தால், வாங்குவதற்கு முன் இந்த ஒன்றை மட்டுமாவது செய்து பாருங்கள்.

தனியாக விற்கும் பெட்டிகளில் ஜிடிஎன் 750ஐ இரண்டு விதமாகப் பாவித்திருக்கிறேன். பிஎம்எஸ்50 என்ற தயாரிப்பாளர் தரும் இலவசப் பதிப்பு என் பறப்புகளுக்குப் போதும். காசு கொடுத்தால் கூடுதல் வசதிகள் திறக்கும். டிடிஎஸ் என்ற இன்னொரு தயாரிப்பாளர் விற்கும் ஜிடிஎன் எக்ஸ்ஐ, கார்மின் நிறுவனமே பயிற்சிக்காக வெளியிட்ட மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு அதன் திரையைக் கொண்டுவருகிறது. அதனால் நடத்தை நிஜப் பெட்டிக்கு மிக அருகில் இருக்கும். ஆனால் விண்டோஸ் கணினியில் மட்டும்தான், அந்தப் பயிற்சி மென்பொருளையும் தனியாக நிறுவ வேண்டும். எக்ஸ்பொக்ஸில் விளையாடுகிறவர்கள் இதை மறந்துவிடலாம். தொடுதிரைப் பெட்டி என்பதால் மவுஸால் இயக்குவது சுகம். ஜிஎன்எஸ் 530இல் வெளிவளையம் எழுத்தின் இடத்தை நகர்த்தும், உள்வளையம் எழுத்தை மாற்றும். விசிசிபி என்று நான்கு எழுத்தைப் போட்டு முடிக்கவே மவுஸ் உருளை தேய்ந்துவிடும்.

ஜிடிஎன் வாங்கிவிட்டால் எல்லா விமானத்திலும் தானாக வந்து உட்காராது. விமானத்தைச் செய்தவர் இடம் விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த விமானத்துக்கென்று தனியாகச் செய்த ஒட்டுக்கோப்பு வேண்டும். அப்படி ஒட்டியவை விமானம் அப்டேட் ஆகும்போது கழன்று போகலாம். இந்த விஷயத்தில் நான் வாங்கியதிலேயே திருப்தியானது பிளாக் ஸ்குவெயார் என்ற தயாரிப்பாளரின் அனலொக் கரவன். பழைய வட்ட மீட்டர்களோடு வரும் கரவன் இது. ஜிஎன்எஸ், ஜிடிஎன் என்று பெட்டிகளை விமானத்துக்குள் இருந்துகொண்டே மாற்றலாம், சிமுலேட்டரை மூடித் திறக்கத் தேவையில்லை. ஒரு பெட்டி அப்டேட்டில் பழுதானால் மற்றதைப் போட்டுக்கொண்டு பறப்பைத் தொடரலாம். நீண்ட காலத்துக்கு இந்த ஏற்பாடுதான் தாக்குப்பிடிக்கிறது.

அப்புறம் கைக்கருவி. ஆர்டுயினோ மெகா என்ற சிறு மின்னணுப் பலகையில் இரட்டை வளையக் குமிழ்களைப் பூட்டி, மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருளால் இணைத்து ஒரு சின்ன ரேடியோப் பெட்டி செய்து வைத்திருக்கிறேன். சிமுலேட்டரோடு வரும் விமானங்களில் குமிழைத் திருகினால் அலைவரிசை உடனே மாறும். ஆட்-ஆன்களில் பல, சிமுலேட்டரின் பொதுக் கட்டளைகளைக் கேட்பதில்லை. தங்களுக்கென்று தனி மாறிகள் வைத்திருக்கும். குமிழ் சுற்றும், திரையில் ஒன்றும் அசையாது. மொபிஃபிளைட்டுக்குத் துணையாக ஹப்ஹொப் என்ற பொதுத் தொகுப்பு இருக்கிறது. பாவனையாளர்கள் கண்டுபிடித்த கட்டளைகளை விமானத்தின் பெயர்வாரியாக அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வாங்க நினைக்கும் விமானத்தின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். நிறைய வரிகள் வந்தால் கைக்கருவி வேலை செய்யும் என்று தைரியமாக இருக்கலாம்.

வழிகாட்டித் தரவு (வழிப்புள்ளிகள், வழித்தடங்களின் பட்டியல்) 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பெரிய ஜெட் விமானங்கள் பல சிமுலேட்டரின் தரவைப் பாவிக்காமல் தங்கள் கோப்புறையில் தனித் தரவு வைத்திருக்கும். இரண்டும் வேறு வேறு மாதத்தினதாக இருந்தால் வழித்தடத்தில் புள்ளிகள் காணாமல் போகும். நமது பக்கத்துச் சிறிய பறப்புகளுக்கு அந்தத் தரவுக்கென்று மாதச் சந்தா தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தக் காசைச் சேர்த்து வைத்து நல்ல விமானம் ஒன்றை வாங்கலாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: இணையம். 2024 நவம்பரில் வந்த மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டர் விமானங்களைக்கூடப் பறக்கும் நேரத்தில் இணையத்திலிருந்து இழுக்கிறது. குறைந்தது 10 எம்பிபிஎஸ், வசதிக்கு 50 என்று அவர்களே சொல்கிறார்கள். பின்னேரம் எல்லா வீட்டிலும் ஃபோன் பார்க்கிற நேரத்தில் என் வீட்டு இணைப்பில் விமானியறை மங்கலாக வந்து, மெல்ல மெல்லத்தான் தெளியும். மாரி மழையில் இணைப்பே போகும் நாட்களும் உண்டு. எக்ஸ்-பிளேன் 12 எல்லாவற்றையும் நமது டிஸ்கிலேயே வைத்திருப்பதால் அந்த நாட்களில் கை கொடுப்பது அதுதான். அதில் அடிப்படை செஸ்னா 172 வட்ட மீட்டரோடும் வருகிறது, ஜி1000ஓடும் வருகிறது. இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. மைக்ரோசொஃப்டின் 2020 பதிப்பில் வட்ட மீட்டர் 172 வேண்டுமென்றால் டீலக்ஸ் பதிப்புக்குப் போக வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் விமானியாக வேண்டும் என்று ஆசைப்படுகிறான். சனிக்கிழமைகளில் வந்து என் கருவியில் பழகுவான். "அண்ணன், எந்த விமானம் வாங்கினா நல்லம்?" என்று கேட்டான். "நீ படிக்கப் போற இடத்தில என்ன பெட்டி இருக்கெண்டு முதல்ல கேட்டு வா" என்றேன். ரத்மலானையில் சேரப் போகும் பள்ளியின் பயிற்சி விமானத்தில் ஜிபிஎஸ்ஸே இல்லாவிட்டால், ஜி1000இல் பொத்தான் அழுத்திப் பழகியது அவனுக்கு அங்கே உதவாது. வட்ட மீட்டரையும் வரைபடத்தையும் வைத்து, குடும்பிமலையையும் உன்னிச்சைக் குளத்தையும் அடையாளம் பார்த்துப் பறக்கப் பழகினால் உதவும்.

2020 பதிப்பு விமானங்கள் பல 2024இலும் ஏறுகின்றன. ஆனால் உள்ளே சிக்கலான நிரல் வைத்திருப்பவற்றில் சில, செய்தவரின் அப்டேட் வந்தால்தான் சரியாக ஓடும். அதனால் 2020ஐ நான் இன்னும் டிஸ்கில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு விமானத்தையும் 2024இல் நக்கிள்ஸுக்கு மேலால் கட்டுநாயக்காவுக்கு ஓட்டி, நிறமும் ஊசியும் ஒழுங்காக வந்த பிறகுதான் பழையதிலிருந்து அழிக்கிறேன். கரவன் அடுத்தது.