கிறிஸ்துமஸ் ரீத்துக்கு ஆன்லைனில் துணி வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்: எனக்கு 6,840 ரூபாய் போச்சு

6,840 ரூபாய். வாசலில் மாட்டும் கிறிஸ்துமஸ் துணி ரீத் (வட்ட வளைய அலங்காரம்) செய்ய, போட்டோ போட்டு வியாபாரம் பண்ணும் ஒரு ஆன்லைன் பக்கத்துக்கு நான் அனுப்பிய பணம். உருப்படியான துணியும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. நேற்று ராத்திரி என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். ஆர்டர் எடுத்துத் தைக்கிற பெண்கள் எல்லாரும் இந்த நேரத்தில்தான் துணி வாங்குவீர்கள் என்பதால் உடனே எழுதுகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் வீட்டில் வைத்தே தைக்கிறேன். எங்கள் சபை பெண்கள் ஐக்கிய சங்க விற்பனைக்கு 12 ரீத் செய்து தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத்தை அட்வென்ட் என்போம். அதன் முதல் ஞாயிறுக்கு முன்னால் கைக்குக் கிடைத்தால்தான் வாங்குவார்கள்.

இந்த வேலை நல்ல காட்டன் இல்லாமல் நடக்காது. பன்னிரண்டு இஞ்ச் கம்பி வளையத்தில், ஒரு இஞ்ச் அகலம் ஏழு இஞ்ச் நீளமாக வெட்டிய துண்டுகளை நெருக்கி நெருக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு வளையம் நிறைய ஒன்றரை மீட்டருக்கு மேல் துணி பிடிக்கும். காட்டன் என்றால் முடிச்சு இறுகிப் பிடிக்கும், இரண்டு நுனியும் இலை மாதிரி விறைப்பாக விரியும். பாலியஸ்டர் வழுக்கும். ஜிக்ஜாக் கத்திரியில் வெட்டினாலும் ஓரம் பிரிந்து நூல் நூலாகத் தொங்கும்.

இதையெல்லாம் அந்த ஆன்லைன் பக்கத்தில் பேசிய பெண்ணிடம் வாய்ஸ் மெசேஜில் விவரமாகச் சொன்னேன். "ஸ்தோத்திரம்க்கா, நானும் சபைக்குப் போறவதான். ஈரோட்டுல இருந்து நேரா எடுக்கிறோம், நூறு பர்சென்ட் காட்டன்க்கா" என்றாள். கேட்காமலே ஒரு வீடியோவும் அனுப்பினாள். அந்த வீடியோதான் என்னை நம்ப வைத்தது. சிவப்புக் கட்டம் போட்ட துணியை விரித்து, ஈரமான வெள்ளைக் கர்சீப்பால் அழுத்தித் தேய்த்து, கர்சீப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பொட்டுச் சாயம் இல்லை. அடுத்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினாள். எரிந்து, விரலில் தொட்டதும் சாம்பலாக உதிர்ந்தது. துணி தெரிந்தவர்கள் இதற்கு மேல் என்ன கேட்பார்கள்?

24 மீட்டர் துணி 4,560, வளையம் 1,800, கூரியர் 480. சீசன் நேரம், ஸ்டாக் நிற்காது, முழுப் பணமும் முதலில் வேண்டும் என்றாள். யுபிஐயில் 6,840 ரூபாயையும் அனுப்பினேன். பணம் ஏறிய கையோடு, "கர்த்தர் உங்க கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பார்க்கா" என்று பதில் போட்டாள். அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. ஆண்டவர் பேரைச் சொல்லியா ஏமாற்றுவது!

பார்சலைப் பிரித்தபோதே பளபளப்பு கண்ணில் பட்டது. நூலை உருவித் தீயில் காட்டினேன், உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. சுத்தமான பாலியஸ்டர். சிவப்பை ஈரக் கையால் தொட்டால் விரலெல்லாம் ரோஸ் கலர், பக்கத்தில் மடித்திருந்த சந்தனக் கலர் துணியிலும் திட்டுத் திட்டாகச் சாயம். டேப் வைத்து அளந்தால் 17 மீட்டர்தான் இருக்கிறது, அதுவும் ஒட்டுத் துண்டுகள். வளையங்கள் கையில் எடுத்ததுமே வளைகின்றன.

அதற்குப் பிறகு ஆரம்பித்த பதில்களைக் கேளுங்கள். "லைட்டிங்ல அப்படித் தெரியும்க்கா." "ஒரு தடவை உப்புத் தண்ணில நனைச்சா சாயம் நின்னுடும்." உப்புத் தண்ணீரில் நனைத்தால் பாலியஸ்டர் காட்டன் ஆகிவிடுமா? பார்சல் பிரிக்கும் வீடியோ இருக்கிறதா என்றாள், அனுப்பினேன். ஓனர் ஊரில் இல்லை என்றாள். பிறகு யாரோ ஒரு ஆண் பேசி, "அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்கலாம் மேடம்" என்றார். இன்னும் ஒரு ஆர்டரா? 6,840 ரூபாய் எனக்கு ஒரு மாதப் பிளவுஸ் கூலி. பில் கேட்டேன், தரவே இல்லை. மெசேஜைப் பார்ப்பார்கள், பதில் வராது. கடைசியில் பிளாக். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் ஓடுகிறது, அதே கர்சீப் வீடியோவை வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள்.

விற்பனைக்கு ரீத் கொடுக்க வேண்டுமே! டவுனில் கடை கடையாக ஏறி மறுபடி காட்டன் எடுத்து, ராத்திரியெல்லாம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடியோவை நம்பாதீர்கள், கால் மீட்டர் சாம்பிள் வரவழைத்து உங்கள் கையால் நனைத்து, கொளுத்திப் பாருங்கள். முகவரியோடு பில் தராதவர்களுக்கு முழுப் பணம் அனுப்பாதீர்கள். சபை, ஊர், உறவு என்று சொல்லி ஆரம்பித்தால் இன்னும் உஷாராக இருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் புகார் கொடுத்துவிட்டேன். இதே கர்சீப் வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், நீங்களும் புகார் கொடுங்கள்.